கூரை வேண்டாம் என்பவருக்கு இடம் எங்கே?



ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்குச் சில நாள் முன்பிருந்தே நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவித் துணி தெரியத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நடந்தே வருகிறவர்கள் பூவத்தில் நம் காரைக்கால் மாவட்டத்துக்குள் நுழைந்து வாஞ்சூரில் வெளியேறுகிறார்கள். இரவில் கால் எங்கே ஓய்கிறதோ அங்கே துண்டை விரித்துப் படுக்கிறார்கள். பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடத் திண்ணை, நடைபாதை, பெட்ரோல் பங்கின் ஓரம் எல்லாம் அவர்களுக்குப் படுக்கைதான். ஊரார் மோர் கொடுக்கிறார்கள், சோறு போடுகிறார்கள். திருநள்ளாற்றில் வெள்ளிக்கிழமை இரவுகளைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். விடியற்காலையில் நளன் குளத்தில் முங்கிவிட வேண்டும் என்று வந்தவர்கள் தேர் வீதி ஓரத்தில் குடும்பத்தோடு படுத்திருப்பார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை சனிப்பெயர்ச்சி வந்தால் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும்.

யாரும் இவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் கூட்டமெல்லாம் கலைந்து ஐப்பசி மழைக்கு முன்பான ஒரு சாதாரண இரவில், அதே பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஒரு ஆள் சாக்கு விரித்துப் படுத்திருந்தால் நமக்கு முகம் சுளிக்கிறது. ரோந்து வரும் காவலர் லத்தியால் தரையைத் தட்டுகிறார். இருவரும் படுத்த இடம் ஒன்று, எடுத்துக்கொண்ட அகலமும் ஒன்று. ஒருவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதைவிடக் கொஞ்சம் கூர்மையானது. நகராட்சி ஒரு தங்குமிடம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் அனுப்புகிறது. "ஐயா, எழுந்து வாங்க, அங்கே கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு" என்று மரியாதையாகவே அழைக்கிறது. அவர் "எனக்கு வேண்டாம், நான் இங்கேயே படுத்துக்கறேன்" என்கிறார். அதற்குப் பிறகும் பொது இடத்தில் படுக்க அவருக்கு உரிமை உண்டா?

உண்டு என்பது என் முடிவு. குடிசை போட உரிமை இல்லை, வழியை மறிக்க உரிமை இல்லை, ஆனால் படுக்க உண்டு. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம்.

இந்திய சட்டத்தில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் பம்பாயில்தான் போய் நிற்கும். அந்தப் பம்பாய்க் கதையின் நடுவில் இருப்பவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சேலத்துக்காரர். சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலி. ஊரில் வறட்சி வந்து வேலை போனது. 1961இல் பம்பாய்க்கு ரயில் ஏறினார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி கிடைத்தது. மேற்கு விரைவுச்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் சேர்த்துக் கட்டிய ஒரு கூண்டுக்கு அந்தப் பகுதி தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு நாள் கூலிக்கும் மேல். நடைபாதைவாசிகள் இலவசமாக இருக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே மனைவியோடும் மூன்று மகள்களோடும் அவர் வாழ்ந்தார்.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடப் போவதாக அறிவித்தார். பம்பாயில் அது மழைக்காலம். பத்தே நாளில் சேலத்துக்காரரின் கூண்டைப் பிரித்தார்கள். குடும்பத்தையே சேலத்துக்குப் பேருந்து ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்தார், மறுபடியும் நடைபாதைக்கே வந்தார். இதெல்லாம் தீர்ப்பில் பதிவாகியிருக்கும் விவரங்கள். வழக்கு மட்டும் அவரோடு சேர்ந்து மனு செய்த பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸின் பெயரில் அறியப்படுகிறது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்பதற்கான உரிமையும் அடங்கும் என்றது. சட்டக் கல்லூரியில் இந்தப் பாதியைத்தான் விரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். மறுபாதி, நடைபாதை நடப்பதற்கு, அதில் குடியிருப்பு அமைக்க யாருக்கும் உரிமை இல்லை, மாநகராட்சி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்பது. கருணையாக ஒன்று சேர்த்தார்கள்: அந்த ஆண்டு அக்டோபர் 31 வரை, அதாவது மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்வரை, கை வைக்கக் கூடாது. கொள்கையில் வென்ற மனுதாரர்கள் குடிசையில் தோற்றார்கள்.

ஆனால் அங்கே விவாதிக்கப்பட்டது குடிசை. தூணும் தாளும் அடுப்புமாக இரவும் பகலும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டுமானம். இரவு பத்துக்குப் பாயை விரித்து, தெரு கூட்டுகிறவர்கள் வருவதற்குள் சுருட்டிக்கொண்டு போகிற மனிதரின் கதை வேறு. அவர் எதையும் கட்டவில்லை. எந்தச் சதுர அடியையும் தன்னுடையது என்று சொல்லவில்லை. உடம்பைக் கிடத்த மட்டும் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு அருகில் நம் உச்ச நீதிமன்றம் வந்தது, எதிர்பாராத ஒரு வழக்கில். 2011 ஜூன் 4 நள்ளிரவு டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் ஆதரவாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது காவல்துறை உள்ளே புகுந்து கலைத்தது. 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் நீதிபதி பி.எஸ். சௌகான், தூக்கம் மனிதனுக்கு அடிப்படைத் தேவை, அதைக் குலைப்பது 21ஆம் பிரிவைத் தொடும் விஷயம் என்று தனியாக எழுதினார். ஒரு யோகா குருவின் பந்தலில், அனுமதியோடு படுத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்ட வரிகள் அவை. பேருந்து நிறுத்தத்துச் சாக்கில் படுத்திருப்பவருக்கு அவை பொருந்தாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இனி, ஏன் மறுக்கிறார்கள்? இதைக் கேட்காமலே "சோம்பேறிகள், குடிக்கிறவர்கள், கட்டுப்பாடு பிடிக்காதவர்கள்" என்று முடித்துவிடுகிறோம். 2025 பிப்ரவரியில், வீடற்றோர் தங்குமிட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோதே, இலவசங்களால் மக்கள் உழைக்க மறுக்கிறார்கள் என்று நீதிபதி பி.ஆர். கவாய் வாய்மொழியாகக் குறிப்பிட்டார். தெருவில் உறங்குகிறவர்களோடு பேசிப் பார்த்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அவர்களில் பலர் நம்மைவிட முன்னதாக எழுந்து வேலைக்குப் போகிறவர்கள்.

மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர் விடியுமுன் ஏலத்துக்கு அங்கே நிற்க வேண்டும். ஊரின் மறுகோடியில் இருக்கும் விடுதியின் கதவு காலை ஆறுக்குத்தான் திறக்கும் என்றால் அந்தக் கட்டில் அவருக்குப் பயன்படாது. கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறவருக்கு வேலை முடிய நள்ளிரவு ஆகும். ஒன்பது மணிக்குப் பூட்டும் கதவு அவருக்கும் மூடியதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து பழைய பேப்பர், பாட்டில் பொறுக்குகிறார்கள். ஆணுக்கு ஒரு விடுதி, பெண்ணுக்கு ஒரு விடுதி என்றால் இருவரும் பிரிய வேண்டும், இரவில் வண்டியை யார் பார்த்துக்கொள்வது? பொறுக்கிய மூட்டையை உள்ளே விடமாட்டார்கள். அந்த மூட்டைதான் அவர்களின் மூன்று நாள் உழைப்பு. சிலருக்கு ஒரு நாய் இருக்கும். சிரிக்காதீர்கள், தெருவில் தனியாகப் படுக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நாய் செய்யும் காவலை எந்த ரோந்தும் செய்வதில்லை. ஆதார் கேட்பார்கள், அது ஏதோ ஒரு வெள்ளத்தில் போயிருக்கும். மூட்டைப்பூச்சி, திருட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் சாதிப் பேச்சு. குடியும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டாம். மதுவிலை குறைவாக இருக்கும் நம் ஊரில் அது பெரிய காரணமாகவே இருக்கலாம். குடித்தவரை உள்ளே விடாத விடுதி, குடியை நிறுத்த முடியாதவரைத் தெருவில்தான் விடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் உண்டு. "ஹோமுக்குப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க." அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1945இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தலைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் இன்னும் கடுமை. கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு வழி இல்லாமல் பொது இடத்தில் திரிபவரையும் அது பிச்சைக்காரர் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது. கை நீட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பத்தாண்டு வரைகூட அடைத்து வைக்கலாம். பல மாநிலங்கள் அதைக் கடன் வாங்கின. டெல்லியில் அதன் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க 2018 ஆகஸ்ட் 8 வரை ஆனது. அறுபது ஆண்டு காலம் வண்டியில் ஏற்றியவர்கள் இன்று அதே மாதிரி வண்டியில் வந்து "கட்டில் இருக்கு" என்றால் யார் நம்புவார்கள்?

ஏர்வாடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியலில், மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஓலைக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். தெருவில் சங்கிலி இல்லை. கூரை இருந்த இடத்தில்தான் இருந்தது.

நம் காரைக்காலுக்கு இந்த விஷயத்தில் தனியாக ஒரு மரபும் உண்டு, பெருமைப்படும்படியானது அல்ல. இங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், நிலையான வீடு இல்லாமல், பிழைப்புக்கு வழி இல்லாமல், வழக்கமான தொழிலும் இல்லாமல் இருப்பவரை நாடோடி என்று வரையறுத்து, அப்படி இருப்பதையே குற்றம் என்றது. அவர் ஏதும் செய்ய வேண்டியதில்லை, இல்லாமை ஒன்றே குற்றம். பிரெஞ்சு சட்டத் தொகுப்புகள் 1819இல் புதுச்சேரிப் பகுதிகளுக்கு வந்தன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பிரான்சோ அந்தக் குற்றத்தைத் தன் சட்டப் புத்தகத்திலிருந்து 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில்தான் எடுத்தது. 2007இல் இன்னும் ஒரு படி போய், வீட்டுக்கான உரிமையை நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராகவே கோரலாம் என்று சட்டம் செய்தது. பாரிஸ் தெருக்களில் இன்றும் கூடாரங்கள் இருக்கின்றன என்பது வேறு விஷயம். வீடு இல்லாதவர் குற்றவாளி என்ற நிலையிலிருந்து, வீடு தராத அரசுதான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு அந்தச் சட்டம் நகர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

எதிர்த் திசையில் போனது அமெரிக்கா. ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சிற்றூர், சுமார் 38,000 பேர், நம் காரைக்கால் நகரத்தில் பாதிகூட இல்லை. வழக்கு நடந்தபோது, பொது இடத்தில் போர்வையோ தலையணையோ வைத்துத் தங்கினால் அங்கே 295 டாலர் அபராதமாக இருந்தது. கட்டாவிட்டால் தொகை ஏறியது, திரும்பத் திரும்பச் செய்தால் பூங்காவுக்குள் வரத் தடை, மீறினால் சிறை. ஊரில் பெரியவர்களுக்கென்று இருந்தது கிறித்தவ அமைப்பு நடத்திய ஒரு விடுதி. வழிபாட்டுக்கு வர வேண்டும், புகையிலை கூடாது என்பவை அதன் விதிகளில் சில. அங்கே போகாதவர் "தானாக மறுத்தவர்" ஆவாரா என்பதும் வழக்கின் ஒரு முடிச்சு. கீழ் நீதிமன்றங்கள் ஆகமாட்டார் என்றன. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் நின்றது. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, தண்டிக்கப்படுவது படுக்கை போட்டுத் தங்கும் செயல், வீடற்ற நிலை அல்ல. நீதிபதி சோனியா சோட்டோமேயர் மறுத்தார்: தூக்கம் உடம்பின் தேவை, படுக்க வேறு இடம் இல்லாதவருக்கு இந்த வேறுபாடு பொருளற்றது என்பது அவர் வாதத்தின் சாரம்.

பெரும்பான்மையின் வாதத்தை இலேசாக ஒதுக்கிவிட முடியாதுதான். நகரங்களை நடத்த வேண்டிய சுமை நீதிபதிகளுடையது அல்ல. ஆனால் அந்த வாதத்தின் ஓட்டையை ஜெரமி வால்ட்ரன் என்ற சட்டத் தத்துவ அறிஞர் 1991லேயே ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார். எந்தச் செயலையும் ஏதாவது ஓர் இடத்தில்தான் செய்ய முடியும். சொந்த இடம் உள்ளவருக்குப் பொது இடத்தில் உறங்கத் தடை விதித்தால் அவர் வீட்டுக்குப் போய் உறங்குவார். சொந்த இடமே இல்லாதவருக்கு அதே தடை, உறங்கவே கூடாது என்ற தடை. தெருவில் மறுத்து வீட்டில் அனுமதிக்கும் ஒவ்வொரு விதியும் வீடில்லாதவருக்கு முழு மறுப்பு.

நம்மிடமும் இப்படிப்பட்ட தடைக்கு இப்போது பல் முளைத்திருக்கிறது. பொது வழியில் தடை ஏற்படுத்தினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை. தெருவில் படுப்பவர்மீது இதைப் போட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. போட முடியும், அவ்வளவுதான்.

திருநள்ளாற்றுக்காரர்களுக்கு இப்படிப்பட்ட ஆணை புதிதல்ல. சூதில் நாட்டை இழந்த நளனுக்கு யாரும் உதவக் கூடாது, உதவினால் கொலைத் தண்டனை என்று சூதில் வென்ற புட்கரன் பறை அறைவித்தான் என்கிறது மகாபாரதம். ஊருக்கு வெளியே தண்ணீரை மட்டும் குடித்து மூன்று இரவு கிடந்தான் நளன். பிறகு வழிப்போக்கர் தங்கும் ஒரு பொது மண்டபத்தின் வெறுந்தரையில் தமயந்தியோடு படுத்தான். அந்த மண்டபம் யாருடையது, அங்கே படுக்க அனுமதி உண்டா என்று கதையில் யாரும் கேட்கவில்லை. நளனுக்காக ஒரு குளத்தையே வைத்திருக்கும் ஊர் நம்முடையது.

காரைக்கால் அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடும் புனிதவதி, வீடும் செல்வமும் உறவும் இருந்தும் எல்லாவற்றையும் உதறி, கடைசியில் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் போய் அமர்ந்தவர். கூரையை மறுத்தவர் என்றால் நம் மரபில் அவருக்கு மேல் யார்? ஆனால் இந்த உதாரணத்தை நான் நீட்டமாட்டேன். துறவின் தெருவும் வறுமையின் தெருவும் ஒன்றல்ல. தெருவாசியைப் புனிதராக்கிவிட்டால் அவருக்குக் கழிப்பறை கட்டித்தர வேண்டிய கடமை நமக்கு மறந்துபோகும்.

எனக்கு இன்னும் உறைப்பது மணிமேகலைக் காப்பியம். நம் ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் காவிரிப்பூம்பட்டினம். அங்கே உலக அறவி என்று ஒரு பொது அம்பலம். கண் இல்லாதவர், கால் இல்லாதவர், ஆதரவில்லாதவர் எல்லோரும் அங்கே கூடுவார்கள். அதற்குக் காவலன் வைத்து, கணக்கெடுத்து, ஆதார் பார்த்து உள்ளே விட்டதாகச் சாத்தனார் சொல்லவில்லை. அதே காப்பியத்தில் மணிமேகலை சோழ மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். இருபதாம் நூற்றாண்டில் நாம் பிச்சைக்காரர் இல்லங்கள் என்ற பெயரில் செய்தது அதன் நேர் தலைகீழ்.

சரி, எதிர்த் தரப்புக்கு வருகிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பாரதியார் வீதியில் கடை வைத்திருப்பவர் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் மூத்திர நாற்றம் அடித்தால் அவர் கோபப்படத்தான் செய்வார். டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளை, ஆண்கள் படுத்திருக்கும் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி நடக்கிறாள், எதிரே லாரி வருகிறது. சக்கர நாற்காலிக்காரருக்கு நடைபாதை ஏற்கெனவே பாதிதான். பொது இடம் என்றால் அவர்களுக்கும் பொது. தங்குமிடம் இருக்கும்போதும் ஒருவர் தெருவைத்தான் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அந்தத் தேர்வின் விலையை இவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பதில் நம் சட்டத்திலேயே வேறொரு மூலையில் கிடக்கிறது. தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் இதே சண்டை பல பத்தாண்டு நடந்தது. 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைக் கொண்டு வந்தது. கணக்கெடு, சான்றிதழ் கொடு, எங்கே விற்கலாம், எங்கே கூடாது, எந்த நேரத்தில் என்று வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கும் குழுவில் முடிவு செய், நகர்த்துவதானால் முப்பது நாள் முன் அறிவிப்புக் கொடு என்கிறது சட்டம். நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது என்று கேட்காதீர்கள். கொள்கையைப் பாருங்கள். பகலில் நான்கு சதுர அடியில் வாழைப்பழம் விற்பதற்குச் சட்டம் இடமும் நேரமும் வகுக்க முடியுமானால், இரவில் ஆறடியில் ஓர் உடம்பு கிடப்பதற்கு ஏன் வகுக்க முடியாது? பழம் விற்பது வயிற்றுக்கு என்றால் தூங்குவதும் அதே உடம்புக்குத்தான்.

அதனால் எங்கே படுக்கக் கூடாது என்று நகராட்சி சொல்லலாம். மருத்துவமனை வாசல், பள்ளி நுழைவாயில், குறுகிய நடைபாதை, பேருந்து திரும்பும் இடம். ஆனால் அப்படிச் சொல்லும் அதே காகிதத்தில் எங்கே படுக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். நடந்து போகும் தூரத்தில், விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள இடமாக அது இருக்க வேண்டும். இரண்டாவது பட்டியல் இல்லாத முதல் பட்டியலுக்கு மதிப்பில்லை. தங்குமிடத்தில் காலியாக ஒரு கட்டில் இருக்கிறது என்பது அந்த இரண்டாவது பட்டியலுக்கு ஈடாகாது. ஏனென்றால் அந்தக் கட்டிலோடு நேரம், பூட்டு, பிரிவு, விசாரணை எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒருவர் மறுப்பது பெரும்பாலும் கூடச் சேர்ந்து வருகிற இவற்றைத்தான்.

நம் தேசத்து விதிமுறை என்ன சொன்னது? 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் நிரந்தர விடுதி, ஒருவருக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் இரவு பகல் திறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்தார்கள். காகிதத்தில் நல்ல விதி. ஆனால் 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் நகராட்சியின் மக்கள்தொகை 86,838. லட்சக் கணக்கில் யோசித்த திட்டத்துக்கு நாம் கொஞ்சம் சின்னவர்கள். திருநள்ளாறோ கொம்யூன் பஞ்சாயத்து. வீடற்றவர்கள் எங்கே அதிகம் சேர்வார்களோ, சனிக்கிழமை அன்னதானமும் சில்லறையும் எங்கே கிடைக்குமோ, அந்த ஊரை நகரக் கணக்கு எட்டிப்பார்ப்பதில்லை. மாவட்டத்துக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. அந்த மூன்றில் எந்தப் பக்கம் சில கிலோமீட்டர் நடந்தாலும் அரசு மாறிவிடும். தெருவில் கிடப்பவர் யாருடைய பொறுப்பு என்று இரண்டு நிர்வாகங்களும் கைகாட்டிக்கொள்ள இதைவிட வசதியான நிலப்படம் கிடைக்காது.

ஆகவே பெரிய விடுதிக்குக் காத்திருக்காமல் சின்னதாகச் சிலவற்றைச் செய்யலாம் என்பது என் யோசனை. சிங்கப்பூரில் நம் உறவினர்கள் பலர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே சில ஆண்டுகளாகத் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சமூக அமைப்புகளும் தங்கள் கூடங்களை இரவில் மட்டும் வீடற்றவர்களுக்குத் திறந்துவிடுகின்றன. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஊர், ஆதரவற்றவர்களை இல்லத்தில் வைக்கச் சட்டமும் வைத்திருக்கும் ஊர், அதுவே இதை ஊக்கப்படுத்துகிறது. நமக்கோ கைலாசநாதர் கோயில் இருக்கிறது, தேற்றரவு அன்னை ஆலயம் இருக்கிறது, மஸ்தான் சாகிபு தர்கா இருக்கிறது. தர்காக்களில் வந்து படுப்பவரை எழுப்பாத பழக்கம் நாகூரைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிப்பெயர்ச்சிக்குப் போடும் பந்தலில் ஒரு மூலையை ஆண்டு முழுக்க விட்டுவைக்கலாம். மூட்டை வைக்கப் பூட்டுள்ள பெட்டி, இரவு முழுவதும் திறந்த கழிப்பறை, எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், எந்த நேரத்திலும் வெளியே போகலாம் என்ற ஒரே விதி. இப்படி ஓர் இடம் இருந்தால் மறுக்கிறவர்களில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். வராத மீதிப் பேரை அவர்கள் படுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

விட்டுவிடக் கூடாத நேரம் ஒன்று உண்டு, அதைச் சொல்லி முடிக்கிறேன். இது டெல்டாக் கடற்கரை. சுனாமியைப் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா வந்ததையும் பார்த்தோம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய இரவில், கடற்கரைச் சாலையில் ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் கல்லெறிகிறார். அவருடைய "வேண்டாம்" என்ற சொல்லுக்கும் மீன் ஏலத்துக்குப் போகிறவரின் "வேண்டாம்" என்ற சொல்லுக்கும் ஒரே எடை கொடுக்க என்னால் முடியவில்லை.

சட்டமும் கொடுக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, மனநோயோடு அலைபவர், தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால் அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால் வீட்டில் விட வேண்டும், வீடில்லாதவராக இருந்தால் வீடற்றோருக்கான அரசு இல்லத்தில் விட வேண்டும். இதில் கடைசி வரி மட்டும் எனக்கு நெருடுகிறது. இல்லத்தில் விட்ட பிறகு அவர் எழுந்து வெளியே நடந்தால் என்ன செய்வது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மழை ஓய்ந்து, மருந்து கொடுத்து, மருத்துவரும் போகலாம் என்று சொன்ன பிறகு, அவர் பழைய இடத்துக்கே போய் உட்கார விரும்பினால் கதவைத் திறந்துவிட வேண்டும், மறுநாள் மாலை மாத்திரையோடு ஒரு செவிலியர் அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் வாசிப்பு. இங்கே இருக்கும் மருத்துவர்களும் காவல்துறை நண்பர்களும் அது முடியாது என்று சொன்னால், ஏன் முடியாது என்பதைக் கேட்கத் தயாராக இருக்கிறேன். கேள்வி நேரத்தை அதற்கு வைத்துக்கொள்வோம்.